நந்தனா என்கிற ராகேல்

ஜெனின் இறந்துபோன செய்தியை வினோஜ்தான் போனில் சொன்னான். மஸ்கட்டில் இருவரும் ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள். காலையில் வேலைக்குப் போகும் வண்டி வந்து நின்ற பிறகும் ஜெனின் எழுந்திருக்கவில்லை, தட்டி எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டுக் கிடந்தது என்று சொன்னவன், அதற்கு மேல் பேச முடியாமல் அழுதான். நந்தனா போனைக் காதில் வைத்தபடியே அடுக்களைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே மாமியார் பூங்கனி மரச்சீனிக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியவில்லை.

"மாமி" என்று மட்டும் கூப்பிட்டாள். அந்தக் குரலைக் கேட்டதுமே பூங்கனி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

குழித்துறைக்குப் பக்கத்திலிருந்த அந்த வீட்டில் நந்தனாவுக்குப் பேர் ராகேல். பிறந்த வீட்டில் வைத்த பேர்தான் நந்தனா. குலசேகரத்தில் ரப்பர் ஷீட் கடை வைத்திருக்கும் பகவதியப்பனின் ஒரே மகள் அவள். ஜெனின் அந்தக் கடைக்கு வண்டி ஓட்டியவன். ஷீட் ஏற்ற வரும் நாட்களில் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில்தான் அவனுக்கு மத்தியானச் சோறு. அவனோடு அவள் கிளம்பி வந்த அன்று பகவதியப்பன் தேடி வரவில்லை, போலீசுக்கும் போகவில்லை. "எனக்க வீட்டு இலையில சோறு தின்னவன்" என்று கடைக்கு வந்தவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னாராம். பிறகு அதையும் நிறுத்திவிட்டார்.

சர்ச்சில் கல்யாணம் நடக்க ஞானஸ்நானம் எடுக்க வேண்டியிருந்தது. என்ன பேர் என்று போதகர் கேட்டபோது பூங்கனி தன்னுடைய அம்மையின் பேரைச் சொன்னாள். கல்யாணச் சான்றிதழில் ராகேல் என்றுதான் ஏறியது. வெளிநாட்டுக்குப் போகுமுன் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தபோது மனைவியின் பேராக ஜெனின் அதையே கொடுத்தான். கம்பெனியிலும் அதையே எழுதிக்கொடுத்தான்.

ஆனால் அவளுடைய ஆதார், பான் கார்டு, பேங்க் பாஸ்புக், பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் நந்தனாதான் இருந்தாள். கெசட்டில் பேர் மாற்றத்தை வெளியிட்டு, ஆதாரை மாற்றி, அதை வைத்து பாஸ்போர்ட் எடுத்துவிட்டால் குடும்ப விசாவில் அவளையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்பது ஜெனினின் திட்டம். வெள்ளிக்கிழமை தோறும் போனில் கேட்பான்.

"எழுதிக் குடுத்தியா?"

"சர்வர் கிட்டலயாம். அடுத்த வாரம் வரச் சொன்னாவ."

இப்படி ஏதாவது ஒரு சாக்கு. காரணம் அவளுக்கே சரியாகப் புரியவில்லை. ராகேல் என்று யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தாள். அந்தப் பேர்மேல் அவளுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் பழைய பேரை ஒரு தாளில் எழுதி, இனிமேல் இது இல்லை என்று அதன் கீழே கையெழுத்துப் போடுவது மட்டும் முடியவில்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனாள். ஜெனின் கோபப்படுகிற ஆள் இல்லை. "சரி, பைய செய்" என்று விட்டுவிடுவான்.

இப்போது அவன் உடம்பு அங்கே ஆஸ்பத்திரிப் பிணவறையில் கிடந்தது.

வினோஜ் மறுபடி கூப்பிட்டான். "அக்கா, கம்பெனியில சொல்லுதாவ, பொண்டாட்டிக்க கையெழுத்து இல்லாம உடம்ப அனுப்ப முடியாதுண்ணு. நீங்க எனக்கு ஒரு பவர் எழுதித் தரணும். நோட்டரி சீல் அடிச்சு, கூட உங்க ஆதார் காப்பியும் வச்சு அனுப்புங்க. மற்றதெல்லாம் இஞ்ச நான் பாக்குதேன்."

அன்று மத்தியானமே மாமனார் சத்தியநேசன் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். குழித்துறைச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்பவர். செய்தி வந்ததிலிருந்து அவர் அழவில்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். அதை அவரிடம் சொல்ல நந்தனாவுக்கு மனம் வரவில்லை.

கோர்ட்டுக்கு எதிரே மாடியில் இருந்தது நோட்டரி வக்கீல் ஞானதாசனின் அலுவலகம். அவரும் சத்தியநேசனும் ஒரே சபைக்காரர்கள். கல்யாணச் சான்றிதழையும் ஆதாரையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ராகேல்ணு எழுதின கவர்மெண்டு பேப்பர் ஏதாவது இருக்காம்மா உன்கிட்ட?"

"ஒண்ணும் மாத்தல சார்."

"ஞானஸ்நானச் சீட்டுல பழைய பேரு இருக்கில்லியா?" என்று சத்தியநேசன் கேட்டார்.

"இருக்கு அண்ணாச்சி. ஆனா அது சர்ச்சுக்க பேப்பர். நான் சீல் அடிச்சுத் தந்துருவேன், எனக்கு என்ன? அங்க ஒருத்தன் ரெண்டையும் சேத்து வச்சுப் பாப்பான். ஒத்து வரலண்ணா திருப்பி அனுப்புவான். அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இழுக்கும்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நந்தனாவும் ராகேலும் ஒரே ஆளுதாண்ணு வி.ஏ.ஓ. கிட்ட ஒரு சான்று வாங்கிட்டு வாங்க. அது இருந்தா ஒருத்தனும் கேள்வி கேக்க முடியாது."

கிராம நிர்வாக அலுவலர் ராஜபாய் நல்ல மாதிரியான பெண்மணி. துக்க வீட்டுக்காரர்கள் என்று தெரிந்ததும் வரிசையில் நின்றவர்களை ஒதுக்கி அவர்களை உட்காரச் சொன்னார். விஷயத்தைக் கேட்டு முடித்த பிறகு கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"ராகேல உங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும். நான் விசாரிச்சு எழுதலாம். நந்தனாவ இங்க யாருக்குத் தெரியும்? நீ வளந்தது வேற ஊரு. நாளைக்கு எவனாவது ஒரு பரம்பு, சொத்து விஷயத்துல இந்தச் சான்றத் தூக்கிட்டு வந்தா எனக்க சோலி போயிரும் மக்கா." பிறகு குரலைத் தணித்தார். "உனக்க அப்பனோ அம்மையோ ஒருத்தர் வரட்டும். இவதான் எங்க மவ, இவளுக்குத்தான் இப்போ ராகேல்ணு பேருண்ணு எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அந்த நிமிசமே நான் போட்டுத் தாறேன்."

வெளியே வந்ததும் சத்தியநேசன் சொன்னார்: "நானும் வாறேன். அவரு காலப் பிடிக்கணும்ணாலும் பிடிக்கேன்."

"வேண்டாம் மாமா. உங்களக் கண்டா பேசவே மாட்டாரு. நான் தனியாப் போறேன்."

குலசேகரம் போகும் பஸ்ஸில் திற்பரப்புக்குக் குளிக்கப் போகும் ஒரு கூட்டம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது. அவள் ஜன்னலோரம் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பாதையில் அவள் வருவது அதுதான் முதல் தடவை. கடை முன்னால் இறங்கியபோது ஷீட்டின் புகை நாற்றம் முகத்தில் அடித்தது. பகவதியப்பன் தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அவளைப் பார்த்தார். பார்த்ததும் கையிலிருந்த ஷீட்டைக் கீழே வைத்துவிட்டு, கடையில் நின்ற ஆளிடம், "பொறவு வா" என்றார்.

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். உள்ளிருந்து வந்த அம்மை செல்லத்தாய் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெனின் செத்துப்போனான் என்று கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு, "எனக்க பிள்ளே" என்று முன்னால் வந்தவள், கணவரின் முகத்தைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டாள்.

பகவதியப்பன் ரோட்டுப் பக்கம் திரும்பினார். மரத்தடி ஏற்றிய ஒரு லாரி போய் முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன மணிக்கு வரணும்?"

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"அந்த ஆபீசுக்கு" என்றார்.

"காலம்பற வந்தா போதும்ப்பா."

"வாறேன்."

திரும்பி வரும்போது அவள் பஸ்ஸில் அழுதாள். ஜெனினுக்காக அழுதாளா, அப்பா வருகிறேன் என்று சொன்னதற்காக அழுதாளா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் சொன்னபடியே பகவதியப்பன் வந்தார். வெளுத்த வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் தன்னுடைய ஆதாரும், குடும்ப அட்டையும், நந்தனாவின் பிறப்புச் சான்றிதழும் வைத்திருந்தார். சத்தியநேசன் பெஞ்சிலிருந்து எழுந்து நின்று கும்பிட்டார். பகவதியப்பன் அதைப் பார்க்காதது போல் ராஜபாயின் மேசைக்கு நேரே போனார்.

"இது உங்க மவளா அய்யா?"

"ஆமா. நந்தனா. எனக்க மவதான்."

நந்தனா கண்ணை மூடித் திறந்தாள். ராஜபாய் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த தாளை அவர் பக்கம் திருப்பி வாசித்துக் காட்டினார். குலசேகரம் பகவதியப்பனாகிய நான் உறுதி கூறுவது என்னவென்றால், என் மகள் நந்தனா என்பவரும், ஜெனின் என்பவரின் மனைவி ராகேல் என்பவரும் ஒருவரே.

"இஞ்ச ஒரு கையெழுத்து அய்யா."

பகவதியப்பன் பேனாவை வாங்கினார். தாளைத் தானே ஒருமுறை வாசித்தார். பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"இவ நந்தனா. அத எங்க வேணும்ணாலும் எழுதித் தாறேன். இந்த ராகேல எனக்குத் தெரியாது."

"அய்யா, ரெண்டும் இருந்தாத்தான் இந்தப் பேப்பருக்கு அர்த்தம். நந்தனா உங்க மவளுண்ணு ஆதாரே சொல்லுதே."

"அப்போ அது போதும்."

"அப்பா" என்றாள் நந்தனா. "அவரு அங்க ஐஸ் பெட்டியில கிடக்காரு."

அவர் அவள் பக்கம் திரும்பினார். கண்கள் சிவந்திருந்தன. "அவன் சாகணும்ணு நான் ஒருநாளும் நெனச்சதில்ல. உனக்க அம்மையிட்ட கேளு, நேத்து ராத்திரி நான் சோறு தின்னல. ஆனா நான் வச்ச பேர அழிச்சிட்டு வேற ஒருத்தன் வச்ச பேருக்கு நானே சாட்சி நிக்கணும்ணா, அது என்னால முடியாது. வாசலுல வந்து நிக்கும்போது முடியும்ணுதான் நெனச்சேன்."

சத்தியநேசன் மெதுவாக முன்னால் வந்தார். "அண்ணாச்சி, எனக்க மவன் போயாச்சு. இனி நமக்குள்ள என்ன வாசியும் வழக்கும் இருக்கு? அவன மண்ணுல வைக்கணும். அதுக்கு மட்டும்தான்."

பகவதியப்பன் மேசைப் பக்கம் திரும்பினார். தன்னுடைய ஆதாரையும் குடும்ப அட்டையையும் கவருக்குள் திரும்ப வைத்தார். பிறப்புச் சான்றிதழை மட்டும் மேசையிலேயே விட்டார். "இது அவளுக்கது. அவளுட்ட இருக்கட்டும்" என்று ராஜபாயிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். நந்தனா பின்னாலேயே ஓடினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார்.

அம்மையைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார் ராஜபாய். செல்லத்தாய் போனை எடுத்தாள். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நான் போட்டா பொறவு இந்த வீட்டுல எனக்கு இருக்க முடியாது மக்கா" என்றாள் கடைசியில். "அவியளுக்குப் பிரஷர் வேற கூடிட்டு இருக்கு. எனக்க மேல கோவப்படாத."

அதன் பிறகு நாட்கள் போயின. போதகர் கடிதம் கொடுத்தார். தாலுகா ஆபீசுக்கு அலைந்தார்கள். ஒருவர் இன்னொருவரிடம் அனுப்பினார், அவர் லீவில் இருந்தார். பூங்கனி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஜெபிக்க வரும் சபைப் பெண்கள், "உடம்பு எப்ப வருது?" என்று கேட்கும்போதெல்லாம் நந்தனா அடுக்களைக்குள் போய்விடுவாள். பூங்கனி அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஒருநாள் மட்டும், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளின் பின்னால் வந்து நின்று, "அவன் கேட்டப்பளே மாத்தியிருந்தா இப்போ வந்திருப்பான், இல்லியா?" என்றாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பதைப் போலத்தான் கேட்டாள்.

"ஆமா மாமி" என்றாள் நந்தனா.

பிறகு வினோஜ் கூப்பிட்டான். இந்த முறை தயங்கித் தயங்கிப் பேசினான். "அக்கா, இஞ்ச ரொம்ப நாளு வைக்க மாட்டாங்களாம். பேப்பர் வரலண்ணா இங்கயே அடக்கிருவாங்கண்ணு பறயுதாவ. ஒரு வழி இருக்குண்ணு ஆபீசுல உள்ள ஒருத்தன் சொன்னான். பொண்டாட்டி கூட இல்லண்ணா அப்பன் கையெழுத்துப் போட்டா எடுப்பாங்களாம்."

மறுபடியும் ஞானதாசனின் மாடிக்குப் போனார்கள். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

"செய்யலாம். ஆனா பொண்டாட்டி ஏன் கையெழுத்துப் போடலண்ணு எழுதணும். மருமவ பிரிஞ்சு போயிட்டா, இப்போ எங்க இருக்காண்ணு தெரியாதுண்ணு அண்ணாச்சி ஒரு சத்தியவாக்குமூலம் குடுத்தா, அதோட பவர் செல்லும்."

"அவ எனக்க பக்கத்துல இருக்கா" என்றார் சத்தியநேசன்.

"எனக்குத் தெரியாதா அண்ணாச்சி?"

"அப்படி எழுத எனக்குக் கை வராது. கல்யாணம் ஆன நாளுலேருந்து எங்கள விட்டு எங்கயும் போகாத பிள்ளை. அவள ஓடிப்போனவளுண்ணு எழுதவா?"

கீழே ரோட்டில் மீன்காரரின் ஹாரன் சத்தம் வந்து தேய்ந்தது. நந்தனா சொன்னாள்: "எழுதுங்க சார். அவரு வரணும்."

ஞானதாசனின் குமாஸ்தா தட்டச்சு செய்தார். என் மகன் ஜெனினின் மனைவி ராகேல் என்பவர் அவரைப் பிரிந்து சென்றுவிட்டார். தற்போது எங்கே வசிக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. அவருக்கு இதில் எந்த ஆட்சேபமும் உரிமையும் இல்லை.

"ஆதாரோட ரெண்டு சாட்சி வேணும்" என்றார் ஞானதாசன். "ஒண்ணு நம்ம குமாஸ்தா போடுவான். இன்னொருத்தர் யாரு? சந்தையில தெரிஞ்ச ஆளு யாரயாவது கூப்பிட முடியுமா அண்ணாச்சி?"

சத்தியநேசன் தலையை அசைத்தார். சந்தையில் போய் ஒருவனிடம் இந்தத் தாளைக் காட்டி, தன் மருமகளைப் பற்றி இப்படி எழுதியிருப்பதை வாசிக்க வைத்து, கையெழுத்துக் கேட்கும் தெம்பு அவருக்கு இல்லை.

நந்தனா பையைத் திறந்து தன்னுடைய ஆதாரை எடுத்து மேசையில் வைத்தாள்.

"நான் போடுதேன்."

ஞானதாசன் அவளைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர் சொல்லவில்லை. "என்ன உறவுண்ணு போட?" என்று குமாஸ்தா கேட்டார்.

"தெரிஞ்சவங்கண்ணு போடுங்க."

சத்தியநேசன் முதலில் கையெழுத்துப் போட்டார். எழுத்துக் கோணலாக விழுந்தது. அதன் கீழே, சாட்சி என்ற இடத்தில், அவள் நந்தனா என்று எழுதினாள். ராகேல் என்பவள் எங்கேயோ போய்விட்டாள் என்பதற்கு நந்தனா சாட்சி. மாடிப்படி இறங்கும்போது சத்தியநேசன் ஒரு படியில் அப்படியே உட்கார்ந்து, செய்தி வந்த நாளிலிருந்து அழாத அழுகையையெல்லாம் அழுதார். குலை வாங்க வருகிற ஒருவன் ரோட்டிலிருந்து பார்த்துவிட்டு, பார்க்காதவன் போலப் போனான்.

உடம்பு வந்தது. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டின் சரக்குப் பகுதியில் சத்தியநேசன் கையெழுத்துப் போட்டு வாங்கினார். "நீங்க யாரு?" என்று அங்கிருந்த ஊழியர் நந்தனாவைக் கேட்டபோது, "கூட வந்தது" என்றாள். ஆம்புலன்சில் பெட்டிக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்து வந்தாள். பெட்டியைத் திறக்க வேண்டாம், நாள் ஆகிவிட்டது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் பூங்கனி மகனின் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியின் பலகையைத் தடவித் தடவி அழுதாள். மழை பெய்துகொண்டிருந்த கல்லறைத் தோட்டத்தில், "அவருடைய மனைவி ராகேலை ஆண்டவர் ஆறுதல்படுத்துவாராக" என்று போதகர் ஜெபித்தார். பக்கத்தில் நின்ற பெண்கள் அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள்.

மழைக்காலம் முடியுமுன் ஒருநாள் செல்லத்தாய் வந்தாள். கையில் ஒரு சீப்பு மட்டிப்பழம். பூங்கனி அவளை உட்கார வைத்துக் கட்டன்சாயா கொடுத்துவிட்டு, தாயும் மகளும் பேசட்டும் என்று கோழிக்கூட்டுப் பக்கம் போய்விட்டாள். செல்லத்தாய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னாள்.

"அப்பா உன்ன வரச் சொல்லுதாவ."

நந்தனா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணும் கேக்க மாட்டாவ. நீ வந்தா போதும். அவிய என்ன சொல்லுதாவண்ணா..." செல்லத்தாய் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "நீ பேர மாத்தாதது நல்லதாப் போச்சுண்ணு. உனக்க எந்த கவர்மெண்டு பேப்பருலயும் இந்தக் கல்யாணம் ஏறல. ஆதாருல நீ இன்னும் பகவதியப்பனுக்க மவ நந்தனாதான். நாகர்கோவில் பக்கம் ஒரு வரன் இருக்காம். ரெண்டாம் தாரம், ஆனா நல்ல இடம். இதெல்லாம் ஒருத்தருக்கும் தெரிய வேண்டிய காரியம் இல்ல. நீ அங்க வந்து கொஞ்ச நாளு இருந்தா..."

"அப்பாவா இத சொன்னாவ?"

"எனக்க மேல கோவப்படாத மக்கா. உன் நல்லதுக்குத்தான் அவிய நெனக்காவ. உனக்கு என்ன வயசாச்சு?"

நந்தனா கோபப்படவில்லை. அம்மைக்குக் குடையை எடுத்துக் கொடுத்தாள், பஸ் ஸ்டாப்புவரை கூடப் போனாள். பஸ் வரும்வரை இருவரும் ஊர்க்காரர்களின் உடம்பு நலத்தைப் பற்றிப் பேசினார்கள். ஏறும்போது செல்லத்தாய் கேட்டாள்: "அவியட்ட என்ன சொல்ல?"

"நான் வரலண்ணு சொல்லும்மா."

அன்று சாயங்காலம் சத்தியநேசன் சந்தையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் போய் நின்றாள். "மாமா, நாளைக்கு வக்கீல் ஆபீசு வரை எனக்க கூட வரணும். பேர் மாத்தணும்."

சத்தியநேசன் தண்ணீர்ச் செம்பைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை.

கேட்டவர் ஞானதாசன்தான். "இப்போ எதுக்கும்மா? நான் குத்தமா கேக்கல. மாத்தினா இனி நீ எல்லா இடத்துலயும் விதவைண்ணு ஏறும். வயசு இருக்கு. ஒரு நல்லது நடக்கணும்ணா பழைய பேரே இருக்கது..."

"அதுக்காகத்தான் சார் மாத்தணும்."

"அது மட்டும் இல்ல. அண்ணாச்சி குடுத்த வாக்குமூலத்துல ராகேல் எங்கண்ணே தெரியாதுண்ணு இருக்கு. இப்போ அதே வீட்டு விலாசத்துல ராகேல் வந்து நிக்கா. நாளைக்கு யாராவது நோண்டினா அண்ணாச்சிக்குத்தான் கேடு."

"கேட்டா பொய் சொன்னேன்ணு சொல்லுவேன்" என்றார் சத்தியநேசன். "பெத்த மவன மண்ணுல வைக்கதுக்குச் சொன்னேன்ணு சொல்லுவேன். பிடிச்சிட்டுப் போனா போட்டும்."

ஞானதாசன் அவளிடம் திரும்பினார். இன்னும் அவளுடைய பதிலுக்காகக் காத்திருந்தார்.

நந்தனா சொன்னாள்: "ஜெனினுக்க பொண்டாட்டி ஓடிப்போயிட்டாண்ணு ஒரு பேப்பர் இருக்கு சார். அதுல நான்தான் சாட்சி போட்டிருக்கேன். நான் செத்த பிறகும் அது எங்கயாவது கிடக்கும். அவ ஓடிப்போகலண்ணு சொல்ல ஒரு பேப்பராவது வேணும்."

அவர் படிவத்தை எடுத்தார். பழைய பேரில் ஒரு கையெழுத்து, புதிய பேரில் ஒரு கையெழுத்து. பழையதைப் போட்டபோது பேனா நடுவில் நின்றது. குமாஸ்தா வேறு பேனா நீட்டினார். பேனாவில் கோளாறு ஒன்றும் இல்லை. அவள் அதே பேனாவாலேயே எழுதி முடித்தாள். காரணம் என்ற இடத்தில் ஞானதாசன் தன் கையாலேயே "திருமணம்" என்று எழுதினார்.

கெசட்டில் வர மாதங்கள் ஆகின. அது வந்த பிறகு ஆதாருக்கு எழுதிக்கொடுத்தார்கள். கைரேகை பதியவில்லை என்று ஒருமுறை திருப்பினார்கள். முந்திரி ஆபீசில் கொட்டை உடைக்கும் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் விரல் நுனியெல்லாம் தோட்டின் எண்ணெய் பட்டுத் தோலுரிந்திருந்தது. ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் இருந்து, மறுபடி போய்ப் பதித்தாள். அந்த நாட்களில் ஒருமுறைகூடக் குலசேகரத்திலிருந்து போன் வரவில்லை. கெசட் செய்தியை யாரோ பகவதியப்பனுக்குக் காட்டியிருக்கிறார்கள் என்று பஸ்ஸில் பார்த்த ஒரு பழைய பள்ளித்தோழி சொன்னாள். அவர் வாசித்துவிட்டு, அந்தத் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாராம்.

புது ஆதார் தபாலில் வந்தபோது சத்தியநேசன் சந்தைக்குப் போயிருந்தார். பூங்கனி முற்றத்தில் மிளகு காய வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போதெல்லாம் கண் சரியாகத் தெரிவதில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்தாள், பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு அவளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"வாசி. என்ன போட்டிருக்கு?"

"ராகேல்."

"அதுக்குக் கீழ?"

"ஜெனின் மனைவி."

பூங்கனி மிளகைக் கிண்டிவிடக் குனிந்தாள். குனிந்தபடியே இருந்தாள்.

"அவனுக்க பேர இன்னொருக்கா வாசி" என்றாள்.

ராகேல் இன்னொரு முறை வாசித்தாள்.